டவர் வேண்டாம் என்று எழுதியவன்

"தாத்தா, இன்னும் ஒரே ஒரு கேள்விதான். நம்ம தோட்டத்துல ஏன் இதுவரைக்கும் டவர் வரல?"

திவ்யா இப்படிக் கேட்டபோது பகல் இரண்டு மணி இருக்கும். என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைக்கு முந்திய புழுக்கம். செம்பனை ஆலைப் பக்கமிருந்து புளித்த எண்ணெய் வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. நான் கலக்கிக் கொடுத்த ரோஸ் சிராப்பில் ஐஸ் கரைந்து மேலே தண்ணீராக நின்றது.

"டவரா? நம்ம மாதிரி சின்ன இடத்துல கம்பெனிக்காரன் எதுக்கு வந்து போடப்போறான்? அவனுக்கு என்ன பிரயோஜனம்?" என்றேன்.

"அப்ப கம்பெனியே வேணாம்னு விட்டுட்டாங்களா?"

"ஆமா."

அவள் தலையசைத்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். என் பதில் அவளுடைய பல்கலைக்கழக ஆய்வறிக்கையில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்தது.

அது பொய். டவர் வராததற்குக் காரணம் நான்.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் துரைமார்களைப் பற்றி எழுதினேன், தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்களைப் பற்றி எழுதினேன். வாசித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கதைகளிலெல்லாம் தப்பு செய்தவர்கள் மற்றவர்கள். இந்த வாரம் நான் செய்ததை எழுதுகிறேன்.

ரேடியோவில் பேசும் படிப்பு

திவ்யா எனக்குச் சொந்தப் பேத்தி இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் சேகரின் மகள். சேகர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவர் மனைவி பரிமளாவுக்குச் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை.

நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக் பக்கத்தில். தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்தின் பழைய லயங்களை இடித்தபோது, செம்பனைக்கு நடுவில் வரிசையாகச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நான் அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். அலுவலகத்தை விட்டு வந்த பிறகும் பெயர் போகவில்லை. எல்லாருக்கும் நான் கிராணி ஐயா, பிள்ளைகளுக்குக் கிராணி தாத்தா.

திவ்யாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தைச் சேகர் என்னிடம்தான் கொண்டுவந்தார். அவருக்கு மலாய் நன்றாகவே படிக்கத் தெரியும். இருந்தாலும் கொண்டுவந்தார். அரசாங்க முத்திரை உள்ள எந்தத் தாளும் என் கண்ணில் பட்டால்தான் அது உண்மை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை நான்தான் வளர்த்தேன்.

தொடர்புத் தொழில்நுட்பமும் தகவல் அமைப்புப் பொறியியலும். படிப்பின் பெயரை நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பாதிதான் எனக்கே புரிந்தது.

அப்போது கூடத்தில் திவ்யாவோடு மாரியப்பனும் இருந்தார். பழைய மண்டோர். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"டாக்டர் இல்லையா?" என்றார்.

"இல்ல தாத்தா."

"லாயரு?"

"இல்ல. கம்யூனிகேஷன்."

"அப்ப ரேடியோவுல பேசப்போறியா? நல்ல குரல்தான் ஒனக்கு."

"பேச மாட்டேன் தாத்தா. ரேடியோ ஒங்க வீட்டுக்கு எப்படி வந்து சேருதுன்னு படிப்பேன்."

"அதுக்கு நாலு வருஷமா? சுவிச்சப் போட்டா வருது லா!"

அன்றைக்கு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

சாரோங் கட்டியிருந்த ஆள்

அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு, திவ்யா பள்ளிச் சிறுமியாக இருந்த காலம். தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று பேர் வண்டியில் வந்தார்கள். அந்த நிறுவனம் இப்போது வேறு பெயரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் கயிறு பிடித்து அளந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள்.

நான் வீட்டுக்கு எதிரே சாக்கடையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே சட்டை இல்லை. இடுப்பில் சாரோங். மூவரில் ஒருவன் தமிழ்ப் பையன், கோலாலம்பூர்ப் பேச்சு. என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டான்.

"அங்கிள், ஒரு ஃபாரம் இருக்கு. இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இவ்வளவுதான் நடந்தது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் நான் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்தவன். இரண்டு வெள்ளைக்காரத் துரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தியவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்பவன். புல் வெட்டும் கத்தியோடு நின்ற என்னைப் பார்த்து, இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று கேட்டுவிட்டான். "தெரியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். உள்ளே போய் முகம் கழுவினேன். முகம் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த வாரமே அந்த நிறுவனத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நான்கு பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆங்கிலத்தில் அதுதான் ஆகச் சிறந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. டவரின் கதிர்வீச்சால் பெண்களுக்குக் கரு தங்காது என்று எழுதினேன். தேனீக்கள் ஊரைவிட்டுப் போய்விடும் என்று எழுதினேன். கோயில் கலசத்தைவிட உயரமாக ஓர் இரும்புக் கம்பி நிற்பது இந்துக்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று எழுதினேன். அப்போது கொஞ்சம் ரப்பர் மரங்கள் மிச்சமிருந்தன. டவர் வந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் ரப்பர் பால் நேரத்துக்கு முன்பே உறைந்துவிடும் என்றுகூட எழுதினேன். இதில் ஒன்றையாவது நான் எங்கேனும் சரிபார்த்தேனா? இல்லை. வாக்கியம் அழகாக வந்தது, அதனால் எழுதினேன்.

பிறகு அந்தக் காரணங்களைச் சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டிலும் கேள்வி கேட்கவில்லை. "கிராணி ஐயா சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார்கள். சேகரும் போட்டார். பிள்ளைகளிடம் யாரும் இதைப் பேசவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. குச்சிகளை மட்டும் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். டவர் நான்கு கிலோமீட்டர் தள்ளி, குன்றுக்கு அந்தப் பக்கம் எழுந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் குன்று நின்றது.

கடிதத்தின் நகலை ஓய்வுச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைத்தேன். அவ்வளவு பெருமை.

வேனுக்குள் வகுப்பு

திவ்யா இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது பெருந்தொற்று வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு. பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் இரண்டு பையோடு வீட்டுக்கு வந்தாள். வகுப்புகள் எல்லாம் இணையத்தில்.

எங்கள் வீடுகளில் தொலைபேசியில் பேசுவதற்கே வாசலுக்கு வந்து, ஒரு காலைத் தூக்காத குறையாக நிற்க வேண்டும். காணொளி வகுப்பு எங்கே நடக்கும்?

பள்ளிகள் மூடியதால் சேகரின் வேன் சும்மா கிடந்தது. அதைப் பெரிய சாலை முனையில், பேருந்து நிழற்குடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே சிக்னல் வரும். காலை எட்டு மணிக்கு மகளை ஏற்றிக்கொண்டு போவார். போலீஸ் தடுப்பில் கேட்டால் காட்ட, பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு அவள் பாடம் கேட்பாள். லாரி போகும்போதெல்லாம் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். முன் இருக்கையில் சேகர் ஒரு பழைய நாளிதழை மடித்து விசிறிக்கொண்டிருப்பார்.

நான் மருந்து வாங்கப் போகும்போது அந்த வேனைக் கடந்துதான் போக வேண்டும். அவள் கை அசைப்பாள். நானும் அசைப்பேன். மருந்துக் கடையிலிருந்து திரும்பி வரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வருவேன்.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் இரண்டு வாய்ப்புக் கிடைத்தது. சொல்லவில்லை.

மைனஸ் நூற்றுப் பதினைந்து

இறுதியாண்டுக்கு எல்லாரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். திவ்யா எடுத்துக்கொண்டது எங்கள் தோட்டத்தையே. செம்பனை மட்டைகள் சிக்னலை எவ்வளவு விழுங்குகின்றன, மழைக்கு முன்னால் எவ்வளவு, மழைக்குப் பின்னால் எவ்வளவு என்று அளப்பது. விரிவுரையாளர் மகிழ்ந்து சம்மதித்தாராம்.

"தாத்தா, கூட வர்றீங்களா? தனியா போனா அப்பா திட்டுவாரு."

போனேன். அவள் கையில் தொலைபேசி, தோளில் ஒரு சிறு ஆண்டெனா. நான் அட்டையில் தாளைச் செருகி எண்களை எழுதிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஐம்பது அடிக்கு ஒரு நிறுத்தம்.

"மைனஸ் நூத்தி எட்டு."

"எல்லாமே மைனஸா வருதே, மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல தாத்தா. சிக்னல் அவ்வளவு சின்னது, அதான் மைனஸ். எண்ணு பெருசாகப் பெருசாக சிக்னல் மோசம்."

என் வீட்டு வாசலில் மைனஸ் நூற்றுப் பதினைந்து. மழை விட்டதும் போய் நின்றோம், இன்னும் மோசம். ஈர மட்டை அதிகம் விழுங்கும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னபடி வந்ததும் சேற்றில் நின்றுகொண்டு குதித்தாள். பாழாய்ப்போன சிக்னலைப் பார்த்து மகிழ்ந்த முதல் ஆள் எங்கள் பகுதியில் அவளாகத்தான் இருப்பாள்.

கடைசி நாள் கோயில் மேட்டுக்கு ஏறினோம். அவள் நாலு பக்கமும் பார்த்தாள். தொலைபேசியில் ஏதோ தட்டினாள்.

"தாத்தா, இங்கேருந்து எல்லா வீடும் நேராத் தெரியுது. இங்க மட்டும் ஒரு டவர் இருந்திருந்தா! இந்த இடத்தைக்கூட பார்க்காம போயிருக்கானுங்க பாருங்க. வேலை தெரியாதவனுங்க."

நான் அட்டையிலிருந்த எண்களைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மறுநாள்தான் அவள் என் கூடத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து சொன்னாள்: "தாத்தா, வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலேருந்து ஒருத்தர் வர்றாரு. இருபது வருஷமா இந்த மாநிலத்துல டவர் போடுற வேலை பார்த்தவராம். கம்பெனிங்க நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு அவரு முன்னாலயே சொல்லப்போறேன். நல்லா சூடா எழுதியிருக்கேன்."

இருபது ஆண்டு இங்கே வேலை பார்த்தவருக்கு எங்கள் ஆட்சேபக் கடிதம் தெரியாமல் இருக்குமா? "உங்கள் மக்கள்தானே வேண்டாம் என்றார்கள், அதைக்கூட விசாரிக்காமல் எழுதியிருக்கிறாயே" என்று அவர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சேற்றில் நின்று எடுத்த அத்தனை எண்களையும் சேர்த்துச் சந்தேகப்பட மாட்டார்களா? நான் சொன்ன ஒரு வரியால் அவள் நான்கு ஆண்டுப் படிப்பு தலைகுனியும்.

பள்ளிப் பிள்ளைகளின் இருக்கை

மறுநாள் காலை கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்கு முன்னால் நின்ற வேனுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துப் பழக்கம், வேனில் உட்கார்ந்தால்தான் படிப்பு ஓடுகிறது என்பாள். நானும் ஏறினேன். சிறு பிள்ளைகளுக்கான இருக்கை. முழங்கால் மோவாயை இடித்தது.

"என்ன தாத்தா, ஸ்கூலுக்கா?"

நான் நகலைக் கொடுத்தேன். "படி. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லு."

படித்தாள். மங்கில் பால் உறையும் இடம் வந்ததும் 'களுக்' என்று சிரித்துவிட்டாள். நாலாம் பக்கத்தின் கீழே என் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துத் தாள். அவள் விரல் வரிசையாக இறங்கி அவள் அப்பா பெயரில் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"ஏன் தாத்தா?"

சாரோங் கதையைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அவ்ளோதானா? ஒருத்தன் இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டதுக்கா?"

"அவ்வளவுதான்."

தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாவது வருஷம் நான் ஒரு பாடத்துல ஃபெயில். வீட்ல யாருக்கும் தெரியாது. டெஸ்ட் நடந்துக்கிட்டு இருக்கும்போது மழை. லைன் கட்டாயிருச்சு. அப்பா வேன ஸ்டார்ட் பண்ணி சிக்னல் தேடி ஓட்டுனாரு. நான் பின்னால லேப்டாப்பத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு... கிடைக்கல. அப்பா அழுதாரு, தாத்தா. நான் பாஸுன்னு பொய் சொன்னேன். அடுத்த செம்ல திரும்ப எழுதுனேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இப்ப நீங்க போங்க தாத்தா," என்றாள். "கோபத்துல ஏதாச்சும் பேசிருவேன்."

இறங்கும்போது கால் மரத்துப்போயிருந்தது. அவள்தான் கை கொடுத்து இறக்கிவிட்டாள். கை கொடுத்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

ரெசிடண்ட் ஏ

மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஒங்க நாலு பக்கத்துக்கு அவங்க பதில் போட்டாங்களா?"

"இல்ல."

"யாராச்சும் வந்து, டவர்னா என்ன, கதிர்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்கு விளக்கினாங்களா?"

"இல்ல."

"அத எழுதியிருக்கேன். ஆட்சேபம் வந்தது, காரணங்கள் தப்பு, ஆனா யாருமே பதில் சொல்லலன்னு." என்னை நேராகப் பார்த்தாள். "அதுக்காக ஒங்க மேல தப்பு இல்லன்னு அர்த்தம் கிடையாது லா."

"என் பேரைப் போடும்மா."

"ரிப்போர்ட்ல பேரு போட மாட்டாங்க. நீங்க ரெசிடண்ட் ஏ."

வாய்மொழித் தேர்வு நடந்த நாளில் நான் சோறு தின்னவில்லை. மாலையில், பெரிய சாலைக்கு வந்து இறங்கியதுமே அவள் என்னைத்தான் அழைத்தாள். லைன் விட்டு விட்டு வந்தது. அந்த வெளியாள் மற்ற பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு அந்தப் பத்தியில் நின்றாராம். கடிதம் அவருக்கு நினைவிருந்தது. பால் உறையும் கதையை இன்னும் அவர்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்களாம். "ஆனால் இது பொய் என்று எழுதியவரே சொல்லி நான் கேட்டதில்லை. எப்படிச் சொல்ல வைத்தாய்?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"அவரே வந்து சொன்னாருன்னு சொன்னேன். தாத்தா, எனக்கு ஏ!"

நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து நெஞ்சு வலியா என்று கேட்டார். பசி என்றேன். அதுவும் உண்மைதான்.

கோயில் மண்டபத்தில்

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பட்டமளிப்புக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திவ்யா தன் ஆய்வை எங்கள் மக்களுக்கு விளக்க ஏற்பாடு செய்தாள். கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, அதன் மேல் அவளுடைய வண்ண வரைபடம். சிக்னல் இல்லாத சிவப்பு நிறத்தில் கிடந்தவை எங்கள் வீடுகள். டவர் கேட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம், மேடும் ஓர் இடம், பழைய பந்து மைதானமும் ஓர் இடம் என்றாள். முன்பு ஏன் வரவில்லை என்பதை ஒரு வரியில் தாண்டிப் போனாள். என்னைக் காப்பாற்றத்தான்.

நான் எழுந்தேன். ஆங்கிலக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்றேன். சாரோங்கையும் சொன்னேன். சேகரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவரைப் பார்த்தே சொன்னேன்.

பின் வரிசையிலிருந்து மாரியப்பன்தான் முதலில் பேசினார்.

"பாலு உறையும்னு எழுதுனீங்கள்ல கிராணி ஐயா, அது பொய்யின்னு அப்பவே தெரியும் எங்களுக்கு. நாப்பது வருஷம் பால் மரத்துல கெடந்தவன் நான்."

"தெரிஞ்சுமா சைன் போட்டீங்க?"

"பின்ன? ஒங்ககிட்ட மாட்டேன்னு சொல்லிட்டா, நாளைக்கு எம்மவளுக்கு ஐசி கார்டு பாரம் யாரு எழுதிக் குடுப்பா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நம்பவில்லை. என்னிடம் முடியாது என்று சொல்லப் பயந்திருக்கிறார்கள். கடிதத்தைவிடப் பெரிய தப்பு அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

சேகர் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பிறகு தொடங்கியது சண்டை. மேட்டில் வேண்டாம், திருவிழாவுக்குக் கூட்டம் எங்கே நிற்கும் என்றார் ஒருவர். மைதானத்தில் வைத்தால் பிள்ளைகள் எங்கே ஆடும் என்றார் இன்னொருவர். பரிமளா எழுந்து, தன் மகள் போட்ட வரைபடத்திலேயே ஒரு பிழை இருப்பதாகவும், ஆற்றோரத்து வீடுகளை விட்டுவிட்டாள் என்றும் சத்தம் போட்டார். திவ்யா இல்லை என்றாள். பரிமளா விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வழக்கம்போல் கையை உயர்த்தினேன்.

"ஐயா, கொஞ்சம் இருங்க," என்றார் சேகர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "மொதல்ல திவ்யா பேசி முடிக்கட்டும்."

கையை இறக்கிக்கொண்டேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரோ எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் சண்டை போடட்டும் என்று ஊதி ஊதிக் குடித்தேன்.